ஏற்காட்டில் ரூம் போடப் போகிறீர்களா? இரண்டு முறை மாட்டியவன் சொல்கிறேன்

2024 மே மாதம், காலை பதினோரு மணி. கையில் நான்கு ஸ்வெட்டர், தலைக்கு மேல் சேலத்து வெயில். ‘ஏற்காடு’ என்று தேடி நான் பணம் கட்டிய ஹோட்டல் மலையில் இல்லை. மலைக்குப் போகிற சாலையில், ஊருக்குள்ளேயே இருந்தது. முகவரியில் ‘ஏற்காடு மெயின் ரோடு’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, அதை நானே மனசுக்குள் மலை ஏற்றி வைத்திருக்கிறேன். அம்மா திட்டவில்லை. ஸ்வெட்டர்களை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, “ஃபேன் ஓடுதுல்ல, போதும் விடு” என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அடுத்த ஜனவரியில் மறுபடி கிளம்பினோம். இந்த முறை மலைமேலேயே ரூம். ஆனால் அங்கே வேறு விதமாக மாட்டினோம், அதைப் பின்னால் சொல்கிறேன். மூன்றாவது முறைதான் ஒழுங்காக அமைந்தது. சேலம், ஏற்காடு பக்கம் முதல் தடவை வருகிறவர்களுக்காக, நான் இப்போது செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. மேலே தங்குவதா, கீழே தங்குவதா?

ஹோட்டல் தேடுவதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அடிவாரம் வழியாகப் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். காரில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில் இன்னும் கொஞ்சம் கூட. “கீழே தங்கிவிட்டு தினமும் மேலே போய் வரலாம்” என்று சொல்வது சுலபம். இரண்டாவது நாள் யாரும் வண்டியில் ஏறமாட்டார்கள்.

ஒரே ஒரு இரவுதான், மலையைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் மேலே தங்குங்கள். ஏற்காட்டின் ருசி மதியம் பன்னிரண்டு மணியில் இல்லை. காலை ஆறு மணிக்கு ஏரி மேல் பனி நகர்வதும், ராத்திரி ‘லேடீஸ் சீட்’ என்கிற காட்சிமுனையில் நின்றால் கீழே சேலம் முழுக்க விளக்குகளாகத் தெரிவதும்தான் விஷயம். கீழே தங்கினால் இரண்டுமே கிடைக்காது. பனியில் இருட்டிய பிறகு வளைவுகளில் இறங்குவது, மலைச்சாலை பழக்கமில்லாதவர்களுக்கு நல்லதும் இல்லை.

கல்யாணத்துக்கு வந்த கையோடு சுற்றுகிறீர்கள், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்க வேண்டும், மேட்டூர் அணையும் போக வேண்டும் என்றால் கீழேதான் வசதி. மேட்டூர் சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர். மலையிலிருந்து இறங்கி அங்கே போய்விட்டு மறுபடி மலை ஏறுவதற்குள் பாதி நாள் போய்விடும். வளைவுகளில் வாந்தி எடுக்கிற குழந்தையோ பெரியவரோ இருந்தாலும் கீழே தங்கிவிட்டு ஒரே ஒரு நாள் மேலே போய் வாருங்கள்.

2. முகவரியைப் படிக்காதீர்கள், பின்கோடைப் படியுங்கள்

நான் மாட்டியது இங்கேதான். ஏற்காடு மெயின் ரோடு என்பது சேலம் நகரத்துக்குள் இருக்கிற அஸ்தம்பட்டியிலிருந்தே தொடங்கிவிடுகிறது. ஆகவே சமவெளியில் இருக்கிற ஹோட்டல்கூட அந்தப் பெயரை நியாயமாகவே போட்டுக்கொள்ளலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை, நான்தான் பார்க்கவில்லை. ஏற்காட்டின் பின்கோடு 636601. அதே சாலையில் 636007, 636008 என்று இருந்தால் அது சேலம் நகரம்.

மலையிலேயே இருக்கிறது என்று உறுதியான பிறகு, ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ஏரி, கடைகள், சாப்பாடு எல்லாம் அதைச் சுற்றித்தான். ‘ஏற்காடு’ என்ற பெயரில் விற்கிற எஸ்டேட் தங்குமிடங்கள் நாகலூர் பக்கமோ, மஞ்சக்குட்டை பக்கமோ, பல கிலோமீட்டர் தள்ளிக் காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும். அமைதி வேண்டும், சொந்தக் கார் இருக்கிறது என்றால் அவை அருமை. பஸ்ஸில் வருகிறவர்களுக்குச் சரிப்படாது. ராத்திரி எட்டு மணிக்குக் குழந்தைக்குப் பால் வேண்டுமென்றால் நடந்து போய் வாங்குகிற தூரத்தில் கடை இருக்காது. மழைக்காலமாக இருந்தால் தோட்டத்துக்குள் அட்டையும் உண்டு. வண்டி இல்லாதவர்களுக்கு ஏரியிலிருந்து நடக்கிற தூரம்தான் கணக்கு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஹோட்டல் தமிழ்நாடு’ ஏரிப் பக்கத்திலேயே இருக்கிறது, அதைச் சுற்றித் தனியார் ஹோட்டல்களும் நிறைய.

கீழே தங்குவது என்றால், எதில் வருகிறீர்கள் என்பதை வைத்துப் பேட்டையைத் தேர்ந்தெடுங்கள். ரயிலில் வந்து ரயிலிலேயே திரும்புகிறவர்களுக்கு ஜங்ஷன், சூரமங்கலம் பக்கம். பஸ் என்றால் புதிய பஸ் ஸ்டாண்டு, ஐந்து ரோடு பக்கம். ஏற்காடு பஸ்ஸும் புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்துதான் கிளம்புகிறது. கடைவீதியும் கோட்டை மாரியம்மன் கோயிலும் முக்கியம் என்றால் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஆனால் அங்கே காரை நிறுத்தத் திண்டாடுவீர்கள். காரில் வந்து மறுநாள் காலையிலேயே மலை ஏறுகிறவர்கள் அஸ்தம்பட்டி தாண்டிப் பார்த்தால், ஊர் நெரிசலில் மாட்டாமல் நேராகப் போய்விடலாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் எடுத்தால் ரோட்டைப் பார்த்த அறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ராத்திரி முழுக்க ஹாரன்தான்.

3. எந்த நாள்? காலண்டரை மூன்று முறை பாருங்கள்

முதலில் தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாள் பாருங்கள். சேலத்தில் முகூர்த்த நாளில் நல்ல ஹோட்டல்களின் அறைகளை மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். ஆப்பில் ஒரே ஒரு அறை பாக்கி என்று காட்டும், விலையும் ஏறியிருக்கும்.

இரண்டாவது, கர்நாடகத்தின் விடுமுறைகள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து சேலம் 200 கிலோமீட்டர்தான். நவம்பர் 1 அவர்களுக்கு ராஜ்யோத்சவ விடுமுறை. அது வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால், நமக்கு சாதாரண வார இறுதி, மேலே கே.ஏ. நம்பர் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்.

மூன்றாவது, மே மாதத்துக் கோடை விழா. மலர்க் கண்காட்சி பார்க்க ஆசை என்றால் வாருங்கள், ஆனால் ஒரு மாதம் முன்பே ரூம் போடுங்கள். அந்த நாட்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழிப்பாதை ஆக்குவதும் உண்டு. குப்பனூர் வழி அயோத்தியாப்பட்டணம் பக்கம் கொண்டுபோய் விடும், அதற்குத் தகுந்தமாதிரி திரும்பும் ரயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் ஞாயிறு மதியம் ஏறி, செவ்வாய் காலை இறங்குவேன். சனிக்கிழமை ஆட்கள் இறங்கிப் போகிற நேரத்தில் நாம் ஏறுகிறோம். அதே அறைக்கு வாடகையும் குறையும், பேரம் பேசவும் முடியும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர்கள், பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரியான அறையை மட்டும் எடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த மாதிரி நாளில் ‘நான்-ரீஃபண்டபிள்’ என்று 300 ரூபாய் மிச்சம் பிடித்தவர் என்ன செய்வார்?

இன்னொரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அந்த உத்தரவு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும்தான், ஏற்காட்டுக்கு இல்லை.

4. வந்து இறங்கும் நேரத்துக்கும் செக்-இன் நேரத்துக்கும் நடுவில்

ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது. சென்னை சென்ட்ரலில் ராத்திரி கிளம்பி ஈரோடு போகிற ரயில் அது. சேலத்தில் விடியற்காலை நான்கு மணி வாக்கில் இறக்கிவிடும். மலையில் செக்-இன் பன்னிரண்டு மணிக்கோ, இரண்டு மணிக்கோ. நடுவில் இருக்கிற எட்டு, பத்து மணி நேரத்தைப் பெட்டிகளோடும் தூங்கி வழிகிற பிள்ளைகளோடும் எங்கே கழிப்பீர்கள்?

இதற்கு மூன்று வழி. ஜங்ஷனிலேயே ரயில்வே ஓய்வறை கிடைக்கிறதா என்று ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் உங்கள் பி.என்.ஆர். எண்ணைப் போட்டு முன்கூட்டியே பாருங்கள், குளித்துக் கிளம்ப அது போதும். அல்லது ‘24 மணி நேர செக்-அவுட்’ இருக்கிற லாட்ஜாகப் பாருங்கள். நம் ஊர் லாட்ஜுகளில் இன்னும் இந்த வழக்கம் இருக்கிறது. காலை ஐந்துக்கு நுழைந்தால் மறுநாள் காலை ஐந்து வரை அறை உங்களுடையது. பெரிய ஹோட்டல்களில் நீங்கள் காலை ஐந்துக்கு வந்தாலும் சரி, மதியம் வந்தாலும் சரி, அவர்கள் சொன்ன நேரத்துக்குக் காலி செய்ய வேண்டும். சீக்கிரம் நுழைந்தால் அரை நாள் வாடகையும் கேட்பார்கள். மூன்றாவது வழி, பகல் ரயிலில் வருவது. நாங்கள் இப்போது அதைத்தான் செய்கிறோம்.

5. போன் போட்டுக் கேளுங்கள்

முழுப் பட்டியலிலும் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஹோட்டலுக்கு நேராகப் பேசுங்கள்.

நான் ஜனவரியில் பேசத்தான் செய்தேன். “அம்மாவுக்கு முழங்கால் வலி, கிரவுண்ட் ஃப்ளோர் வேணும்” என்றேன். “எல்லாமே கிரவுண்ட் ஃப்ளோர்தாங்க சார்” என்று பதில் வந்தது. அதுவும் பொய் இல்லை. மலைச்சரிவில் கட்டிய கட்டடம் அது. ரோட்டு மட்டத்தில் வரவேற்பறை, அங்கிருந்து சரிவில் கீழே கீழே அறைகள். எங்கள் அறைக்கு நாற்பத்து மூன்று படிகள். கருங்கல் படி, ஒவ்வொன்றும் ஒரு உயரம், பனியில் நனைந்து வழுக்கியது, ஒரு பக்கம்தான் கைப்பிடி. அம்மா படியை எண்ணிக்கொண்டே இறங்கினார், அதனால்தான் கணக்கு தெரியும். அடுத்த நாள் காலைச் சாப்பாடு வரவேற்பறைக்கு மேல் மாடியில். நான்தான் தட்டில் இட்லி எடுத்துக்கொண்டு ஏறி இறங்கினேன்.

அதனால் இப்போது “எந்த மாடி” என்று கேட்பதில்லை. “கார் நிற்கிற இடத்திலிருந்து அறைக் கதவு வரை எத்தனை படி ஏறணும், எத்தனை படி இறங்கணும்?” என்று கேட்கிறேன். எண் சொல்லத் தெரியாமல் மழுப்பினால் வேறு இடம்.

இதே போல, ‘உண்டா’ என்று கேட்டால் ‘உண்டு’ என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்:

வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? கீசரா, சோலாரா? தொடர்ந்து மேகமாக இருந்தால் சோலார் சூடேறாது, வாளியில்தான் கொண்டுவந்து தருவார்கள்.

ஏரி எங்கிருந்து தெரியும்? அறை ஜன்னலிலிருந்தா, மொட்டை மாடியிலிருந்தா? ‘லேக் வியூ’ என்ற சொல் இரண்டுக்கும் செல்லும்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் அறைக்குள் எதையெல்லாம் ஓட்டும்? பல இடங்களில் ஒரு லைட்டும் ஃபேனும்தான்.

ராத்திரி சாப்பாடு எத்தனை மணி வரை, முன்கூட்டியே சொல்ல வேண்டுமா? ஓட்டுநரோடு வருகிறீர்கள் என்றால் அவருக்குப் படுக்க இடம் உண்டா? இல்லாவிட்டால் அவர் குளிரில் வண்டிக்குள்ளேயே சுருண்டு கிடப்பார், மறுநாள் அந்த 20 வளைவையும் ஓட்டப் போவது அவர்தான்.

மலையில் ஏ.சி. இல்லை என்று பயப்பட வேண்டாம், ஆனால் மே மாதம் வந்தால் ஃபேன் இருக்கிறதா என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள், சில பழைய பங்களாக்களில் இருக்காது.

பிறகு, அறையின் வீடியோ ஒன்றை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல இடமாக இருந்தால் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்கள். விமர்சனங்களைப் படிக்கும்போது புதியவை முதலில் வரும்படி மாற்றிக்கொண்டு, மழை மாதங்களில் எழுதியதைத் தேடிப் படியுங்கள். கம்பளியில் ஈரவாடை, சுவரில் பூஞ்சை என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

6. 2,800 ரூபாய் அறை 6,036 ஆன கதை

ஜனவரி பில் இது. ஆப்பில் பார்த்த வாடகை 2,800. அப்போது வரி 12 சதவீதம், 336. கூடுதல் மெத்தை இரண்டு, தலா 700. காலைச் சாப்பாடு ‘இலவசம்’ என்று இருந்தது, ஆனால் அறைக்கு இரண்டு பேருக்குத்தான். மற்ற இருவருக்கு 500. பிள்ளைகள் கேட்டார்களே என்று கேம்ப் ஃபயருக்குச் சரி என்றேன், அதற்கு 1,000. கூட்டிப் பாருங்கள். மெத்தையும் விறகும் பில்லிலேயே வரவில்லை, ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது வரி குறைந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருக்கிற அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேலே போனால் 18. இந்தக் கோட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875. 8,000 ரூபாய் அறைக்கு 9,440. ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் என்று நினைத்து எடுப்பது ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேல் போய் நிற்கும். பழைய விலைப்பட்டியலைக் காட்டி 12 சதவீதம் போட்டால், நிறுத்திக் கேளுங்கள்.

சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்த்திருந்தால் அதை எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஹோட்டல்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. பேச்சு முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

போனில் பேசும்போதே “நாலு பேர், இத்தனை வயசு, ரெண்டு ராத்திரி, எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?” என்று ஒரே தொகையாகக் கேட்டு, அதை வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். குழந்தைக்கு எந்த வயது வரை இலவசம் என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும்.

7. ஆவணங்கள்

தங்குகிற பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாள அட்டை. குடும்பத்தில் ஒருவருடையது போதும் என்று வந்துவிட்டு வாசலில் நிற்காதீர்கள். ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எதுவும் செல்லும். பான் கார்டில் முகவரி இல்லாததால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். ஆதார் நகல் கொடுப்பதென்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்திலிருந்து இறக்கி, இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஜெராக்ஸ் கடை தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

சேலம் மாவட்ட முகவரி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘லோக்கல் ஐ.டி.’ என்று சொல்லி அறை தர மறுக்கிற லாட்ஜுகள் உண்டு, முன்பே கேட்டுவிடுங்கள். கல்யாணம் ஆகாத ஜோடி தங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, சென்னை உயர் நீதிமன்றமே 2019இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ‘எங்கள் விதி’ என்பவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வரவேற்பறையில் சட்டம் பேசுவதைவிட முன்பே போனில் கேட்பது மேல். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால், பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருக்கட்டும். வெளிநாட்டவர் தங்குகிற விவரத்தை ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சின்ன இடங்களில் அந்த ஏற்பாடு இல்லாமல் அறை இல்லை என்று சொல்லிவிடக்கூடும்.

8. முன்பணம்

தேடலில் முதலில் வருகிற எண்ணை நம்பி முழுத் தொகையையும் அனுப்பாதீர்கள். ஹோட்டல் பெயரில் போலி எண் போட்டு முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும் முன் திரையில் வருகிற பெயர் ஹோட்டல் பெயரா, யாரோ ஒருவர் பெயரா என்று பாருங்கள். தனிநபர் பெயர் வந்தால் நிறுத்திவிட்டு, வரைபடத்தில் இருக்கிற எண்ணுக்கோ அவர்கள் தளத்தில் இருக்கிற எண்ணுக்கோ கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

9. போய்ச் சேர்ந்ததும்

பெட்டியை இறக்குவதற்கு முன் அறையைப் பாருங்கள். குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா, கதவுத் தாழ் விழுகிறதா, கம்பளி காய்ந்திருக்கிறதா, போனில் சிக்னல் இருக்கிறதா என்று ஐந்து நிமிஷம். பிடிக்கவில்லை என்றால் அப்போதே மாற்றிக் கேளுங்கள். துணி எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் பரப்பிய பிறகு கேட்டால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். வெளியே போகும்போது ஜன்னலைச் சாத்திவிடுங்கள். குரங்கு வந்து போனால் பிஸ்கட் மட்டும் போகாது, அம்மாவின் மாத்திரை டப்பாவும் போகும்.

கிளம்பும் நாளுக்கு முந்தின ராத்திரியே பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் காலி செய்வார்கள், கவுன்டரில் கூட்டம், வெளியே ஓட்டுநர் ஹாரன் அடிப்பார், அந்த அவசரத்தில்தான் துண்டுச் சீட்டுகள் கைமாறும். மூன்றாவது பயணத்தில் நான் அப்படித்தான் செய்தேன். ராத்திரி ஒன்பதுக்கு நிதானமாக உட்கார்ந்து பார்த்ததில், நாங்கள் குடிக்காத ஆறு காப்பி பில்லில் இருந்தது. கவுன்டரில் இருந்த தம்பி பேசாமல் அதை அடித்துவிட்டுப் புது பில் போட்டுக் கொடுத்தார். காலையில் பஸ் ஏறி, புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அம்மாவுக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுக்கக்கூட நேரம் இருந்தது.